அறுவை மருத்துவர்களுக்குக் கோச்சிங்: இராமநாதபுரக் கடலோர மருத்துவமனைகளில் ஆறு மாதத் திட்டத்தை நடத்தும் முறை

மருத்துவமனை நிர்வாகத்திலோ மருத்துவர் சங்கக் கிளையிலோ இருந்துகொண்டு, 8 முதல் 15 அறுவை மருத்துவர்களின் பணிச்சோர்வைக் குறைக்கக் கோச்சிங், அதாவது பயிற்சி பெற்ற ஒருவர் கேள்வி கேட்டு மருத்துவரையே முடிவுக்கு வரவைக்கும் தனி உரையாடல், ஏற்பாடு செய்ய நினைப்பவருக்காக இது எழுதப்பட்டிருக்கிறது. பொது அறுவை, மகப்பேறு, எலும்பு சிகிச்சை என்று கத்தி பிடிக்கும் எல்லாரும் இதில் அடக்கம். மாவட்டத் தலைநகரின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், இராமேசுவரம், கீழக்கரை, திருவாடானை போன்ற ஊர்களின் சிறு மருத்துவமனைகளுக்கும், கணவனும் மனைவியுமாக நடத்தும் நர்சிங் ஹோம்களுக்கும் முறை ஒன்றுதான். ஆள் பலம் மட்டும் வேறு.

திட்டத்தின் அளவு சிறியது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனைக் குழு 88 மருத்துவர்களிடம் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் முதல் அமர்வு ஒரு மணி நேரம், அடுத்த ஐந்தும் அரை மணி நேரம். ஆளுக்கு மொத்தம் மூன்றரை மணி. அதற்கே பணிச்சோர்வின் ஒரு கூறான உணர்வு வறட்சி குறைந்தது. நோயாளியிடமிருந்து மனம் விலகிப்போகும் போக்கு மட்டும் அசையவில்லை. எனவே எல்லாம் சரியாகிவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் வேலையாகக் கோச்சைத் தேடிப் போகிறார்கள். கோச் கிடைத்துவிடுவார். ரகசியமும் நேரமும் உறுதியாகாமல் அவரைக் கூட்டிவந்தால், மூன்றாம் மாதத்தில் வர ஆள் இருக்காது.

1. பெயரையும் எல்லையையும் முடிவு செய்யுங்கள்

நம் பக்கத்தில் கோச்சிங் என்றால் நீட் வகுப்பு, டி.என்.பி.எஸ்.சி. வகுப்பு. “எனக்கு யார் பாடம் எடுக்கப் போகிறார்கள்?” என்றுதான் இருபது ஆண்டு அனுபவமுள்ள சர்ஜன் முதலில் கேட்பார். ஆகவே சுற்றறிக்கையின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்: இது வகுப்பு இல்லை, தேர்வு இல்லை, பயிற்சி பெற்ற ஒருவர் கேள்வி கேட்பார், முடிவு மருத்துவருடையது.

சுற்றறிக்கையில் ‘மனநலம்’ என்ற சொல்லைத் தலைப்பாகப் போடாதீர்கள். ஏர்வாடி இருக்கும் மாவட்டம் இது. 2001 ஆகஸ்ட் 6இல் அங்கே ஒரு காப்பகத் தீவிபத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் இறந்தார்கள். மனம் சார்ந்த எதற்கும் அந்த ஊர்ப்பெயரைச் சொல்லிப் பேசும் பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. மருத்துவர்களும் அதற்கு விலக்கில்லை. ‘அறுவை மருத்துவர் பணிநலத் திட்டம்’ என்பது போன்ற பெயர் போதும்.

அடுத்தது எல்லை. பணிச்சோர்வு வேறு, மனச்சோர்வு வேறு. பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் பணிசார்ந்த நிலையாகத்தான் குறிக்கிறது, நோயாக இல்லை. அதற்குக் கோச்சிங் பொருந்தும். மனச்சோர்வுக்குச் சிகிச்சை வேண்டும். தொடங்குமுன் ஒவ்வொருவரும் பி.ஹெச்.க்யூ.-9 என்ற, மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தைத் தாமே நிரப்பித் தாமே கூட்டிப் பார்க்கட்டும். படிவம் யாரிடமும் போகக் கூடாது. 27க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தாலும், தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாம் கேள்விக்குப் பூஜ்யம் தவிர எது வந்தாலும், முதலில் மனநல மருத்துவர், கோச்சிங் அப்புறம். குடியும் தூக்க மாத்திரையும் தினசரி ஆகியிருந்தாலும் அப்படியே.

அந்த மனநல மருத்துவர் அதே வளாகத்தில் இருந்தால் யாரும் போகமாட்டார்கள். ஓ.பி. வரிசையில் சர்ஜன் உட்கார்ந்திருப்பதை மதியத்துக்குள் எல்லா வார்டும் பேசும். மதுரையில் ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்து, அவர் எண்ணைச் சுற்றறிக்கையிலேயே போடுங்கள். கூடவே 14416, அதாவது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 23ஆம் பிரிவு சிகிச்சைத் தகவலின் ரகசியத்தை உரிமையாகவே தருகிறது என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். பல மருத்துவர்களுக்கு இந்தப் பிரிவு நோயாளிக்கானதாகத்தான் தெரியும், தமக்கும் உண்டென்று தோன்றியிருக்காது.

2. ரகசிய ஒப்பந்தத்தில் முதலில் கையெழுத்து

ஒரு பக்கத் தாள் போதும். டீன் அல்லது மருத்துவமனைத் தலைமை, கோச், பங்கேற்பவர் என மூவரும் கையெழுத்திட வேண்டும். அதில் இருக்க வேண்டியவை:

யார் சேர்ந்தார், எந்த நாள் பேசினார், என்ன பேசினார் என்பது நிர்வாகத்துக்குப் போகாது. மாதக் கடைசியில் மொத்தம் எத்தனை அமர்வு நடந்தது என்ற எண் மட்டும் போகும். கட்டணம் அந்த எண்ணை வைத்தே வழங்கப்படும். பெயர்ப் பட்டியல் வேண்டும் என்று கணக்குப் பிரிவு கேட்கும். கேட்கும் என்று தெரிந்தே முன்கூட்டி ஒரு குறியீட்டு எண் முறையை ஒப்புக்கொள்ள வையுங்கள்.

எட்டுப் பேருக்குக் குறைவான குழுவின் சராசரி மதிப்பெண்ணைக்கூட வெளியிடக் கூடாது. மகப்பேறு பிரிவில் மூன்று பேர் இருக்கும் இடத்தில் ‘மகப்பேறு பிரிவு சராசரி’ என்பது பெயர் சொல்வதற்குச் சமம்.

கோச் தன் குறிப்பேட்டில் நோயாளி பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், தேதி எதையும் எழுதக் கூடாது. ஒரு மரணமோ புகாரோ பின்னால் வழக்கானால், எழுதாத குறிப்பை எவரும் கேட்க முடியாது.

விதிவிலக்கு மூன்று: மருத்துவரின் உயிருக்கு ஆபத்து, போதையில் அறுவை செய்வது போல நோயாளிகளுக்குத் தொடரும் ஆபத்து, நீதிமன்ற ஆணை. இந்த மூன்றையும் மறைக்காமல் தாளில் எழுதுங்கள். ‘எதையும் சொல்லமாட்டோம்’ என்று பொத்தாம்பொதுவாக வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஒன்றைச் சொல்ல நேர்ந்தால், அந்த மருத்துவமனையில் இந்தத் திட்டத்தை அப்புறம் யாரும் தொடமாட்டார்கள்.

சேர்க்கை முழுக்க விருப்பத்தின்பேரில். புகாரில் சிக்கிய ஒருவரை ‘கோச்சிங்குக்குப் போகச் சொல்லுங்கள்’ என்று அனுப்பினால், அன்றோடு அது தண்டனை அறையாகிவிடும். இது அடிக்கடி நடக்கிற தவறு, நல்லெண்ணத்தோடுதான் நடக்கிறது.

3. ரோஸ்டரில் நேரத்தை வாங்குங்கள்

இதற்குத்தான் அதிக உழைப்பு வேண்டும். அமர்வு அரை மணி என்றாலும் ரோஸ்டரில், அதாவது பணிப்பட்டியலில், 45 நிமிடம் குறியுங்கள். முதல் அமர்வுக்கு 75 நிமிடம். சர்ஜன் வார்டிலிருந்து நடந்துவந்து, கை கழுவி, தண்ணீர் குடித்து உட்காரவே பத்து நிமிடம் ஆகும்.

எந்த நாள்? யூனிட்டின், அதாவது சர்ஜன் சேர்ந்திருக்கும் மருத்துவர் குழுவின், வாரத்தில் ஓ.பி. நாள், தியேட்டர் (அறுவை) நாள், அட்மிஷன் நாள் என்று இருக்கும். இந்த மூன்றும் வேண்டாம். தியேட்டர் நாளுக்கு முந்தின மாலையும் வேண்டாம். மனம் மறுநாள் கேஸில் இருக்கும். இரவுப் பணி முடிந்த காலையில் வைக்கவே கூடாது. தூக்கம் இல்லாத தலையில் எந்த முடிவும் தங்காது, அந்த நேரம் அவர் தூங்கவேண்டிய நேரம். மிச்சமிருப்பது ரவுண்ட்ஸ் மட்டும் உள்ள நாளின் முற்பகல் 11 முதல் 1 மணி வரை. வெள்ளிக்கிழமை என்றால் 12 மணிக்கு மேல் வைக்காதீர்கள். கீழக்கரை, தொண்டி பக்கம் மருத்துவர்களும் ஊழியர்களும் ஜும்மாவுக்குப் போவார்கள், பதில் ஆள் நிறுத்துவதும் சிரமம்.

வேலை நேரத்துக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமையில் வைக்கலாமே என்று யோசனை வரும். வைக்காதீர்கள். குடும்பம் மதுரையிலும் வேலை இங்கேயுமாக இருக்கும் மருத்துவருக்கு ஞாயிறு ஒன்றுதான் வீடு. சோர்வைக் குறைக்க வந்த திட்டமே அதைப் பறித்தால் நியாயமில்லை.

போன் யாரிடம்? இதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். அந்த 45 நிமிடமும் சர்ஜனின் போன், பெயர் குறிப்பிட்ட ஒரு பதில் மருத்துவரிடம் இருக்கும். நோயாளி 45 நிமிடம் தாங்கமாட்டார் என்று அவர் கருதினால் மட்டும் அறைக் கதவைத் தட்டுவார். போனை சைலன்ட்டில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது பயன்படாது. கண் அதிலேயே இருக்கும்.

ஒரே ஒரு சர்ஜன் இருக்கும் ஊரில் பதில் ஆள் கிடையாது. அங்கே இரண்டு வழி: பக்கத்து ஊர் மருத்துவமனையோடு வாரத்தில் ஒரு மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வது, அல்லது அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் 108 வண்டிகளை நேராக மாவட்ட மருத்துவமனைக்குத் திருப்பும்படி முன்னமே சொல்லி வைப்பது. இரண்டாவதற்கு மேலிடத்து ஒப்புதல் வேண்டும், அதற்கு மூன்று வாரமாவது ஒதுக்குங்கள். நர்சிங் ஹோமில் இருவருமே மருத்துவர் என்றால் தம்பதிக்கு ஒரே நாளில் அமர்வு வைக்காதீர்கள். கோச்சும் வேறு வேறாக இருக்கட்டும்.

இனி மாதக் கணக்கு. ஏப்ரல், மே வேண்டாம். பள்ளி விடுமுறையில் பாதிப்பேர் லீவு எடுப்பார்கள், பதில் ஆள் இல்லாமல் போகும். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14இல் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும் வாரத்தை ஒட்டித் தொடங்கினால், ஆறாவது அமர்வு நவம்பரில் விழும். நேரில் நடக்கவேண்டிய முதல் அமர்வுகள் மழைக்கு முன் முடிந்துவிடும்; அக்டோபருக்குப் பிறகு எல்லாம் போனில். ஆடி அமாவாசையை ஒட்டிய மூன்று நாள் இராமேசுவரத்துக்கும், இமானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11 பரமக்குடிக்கும், தேவர் குருபூஜை நடக்கும் அக்டோபர் 28 முதல் 30 வரை கமுதி, பசும்பொன் பக்கத்துக்கும் ரோஸ்டரில் கோடு போட்டுவிடுங்கள். சிறப்புப் பணி விழும் நாட்கள் அவை.

4. இப்போது கோச்சைத் தேடுங்கள்

12 பேருக்கு மூன்றரை மணி வீதம் 42 மணி நேரம். அவசர அறுவையால் விட்டுப்போகும் அமர்வுக்காக ஆளுக்கு ஓர் அரை மணி சேர்த்தால் 48. இரண்டு கோச்சுகள் வேண்டும். ஒருவர் பிடிக்காவிட்டால் மற்றவரிடம் போக வழி இருக்க வேண்டும்.

சான்றிதழைப் பாருங்கள். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பான ஐ.சி.எஃப்.பின் ஏ.சி.சி. நிலைக்குக் குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும், பி.சி.சி. நிலைக்கு 125 மணி நேரப் பயிற்சியும் 500 மணி நேர அனுபவமும் வேண்டும். இந்த வேலைக்கு பி.சி.சி. நல்லது. ஊக்க உரை ஆற்றுபவர்களை அழைக்காதீர்கள்; மேடையில் கைதட்டல் வாங்கும் திறமைக்கும் அரை மணி நேரம் வாயை மூடிக் கேட்கும் திறமைக்கும் சம்பந்தமில்லை.

கோச் மருத்துவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மருத்துவராக இருந்தால் “நானாக இருந்தால் அந்த இடத்தில் திறந்திருப்பேன்” என்று கேஸுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. அதே மருத்துவமனையில் வேலை பார்ப்பவர், பங்கேற்பவரின் பழைய பேராசிரியர், டீனின் உறவினர் ஆகிய மூவரும் கூடாது. தமிழில் சரளம் கட்டாயம். கோபமும் பயமும் ஆங்கிலத்தில் வராது.

சேர்க்குமுன் அரை நாள் மருத்துவமனையைச் சுற்றிக்காட்டுங்கள்: கேசுவால்டி, தியேட்டர் வாசல், அட்டெண்டர்கள் (நோயாளியோடு வரும் உறவினர்கள்) காத்திருக்கும் இடம். யூனிட் என்றால் என்ன, மதுரைக்கு ரெஃபர் என்றால் என்ன, தாய் மரணத் தணிக்கையில் யார் யாரிடம் பதில் சொல்லவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாவிட்டால், ஒவ்வொரு சர்ஜனும் தன் அரை மணியில் பத்து நிமிடத்தை விளக்கத்துக்கே செலவழிப்பார்.

5. தொடக்க அளவு

பணிச்சோர்வை அளக்க இரண்டு படிவம் உண்டு. மாஸ்லாக் படிவம் 22 கேள்வி, காசு கொடுத்து வாங்கவேண்டும். கோபன்ஹேகன் படிவம் 19 கேள்வி, இலவசம்; ஒவ்வொரு பதிலுக்கும் 0, 25, 50, 75, 100 என மதிப்பெண், சராசரி எடுத்தால் போதும். பெயரில்லாமல், குறியீட்டு எண்ணோடு முதல் அமர்வுக்கு முந்தின வாரம் நிரப்பச் சொல்லுங்கள். அதே நாளில் தூங்கிய மணி நேரத்தையும், அந்த வாரத்தில் எத்தனை வேளைச் சாப்பாடு தவறியது என்பதையும் ஒரு மூலையில் எழுதிக்கொள்ளட்டும். பின்னால் மருத்துவர்களே திரும்பிப் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

6. முதல் ஒரு மணி நேரம்

நேரில் நடக்கட்டும். டீன் அறை இருக்கும் கட்டடத்தில் வேண்டாம். நூலகத்தின் பின்னறை, பழைய கருத்தரங்கக் கூடம், எதுவானாலும் கதவு மூட வேண்டும், உள்ளே போவது தெரியக் கூடாது.

முதல் பத்து நிமிடம் ரகசியத் தாளை உரக்கப் படித்து ஒத்துக்கொள்வது. அடுத்த இருபது நிமிடம் போன வாரத்தை நாள்வாரியாகச் சொல்லவைப்பது: எந்த வேலை தெம்பு தந்தது, எது உறிஞ்சியது. பிறகு இருபது நிமிடம், ஆறு மாதத்தில் மாறவேண்டியவை இரண்டே இரண்டைத் தேர்வது. கடைசிப் பத்து நிமிடம், அடுத்த அமர்வுக்குள் செய்யும் ஒரு சிறு காரியமும் அடுத்த தேதியும்.

இரண்டுக்கு மேல் இலக்கு வைக்கவிடாதீர்கள். சர்ஜன்கள் பட்டியல் போடுவதில் வல்லவர்கள், எட்டு எழுதுவார்கள். எட்டும் நடக்காமல் தோல்விக் கணக்கில் இன்னொன்று கூடும். இலக்கு தன் கைக்குள் இருக்கவேண்டும். ‘இன்னொரு மயக்க மருத்துவரை நியமிக்க வேண்டும்’ என்பது நியாயம்தான், ஆனால் அது ஒன்பதாம் பகுதிக்குப் போகவேண்டியது.

7. ஐந்து அரை மணிகள்

மாதம் ஒன்று. அமைப்பு எப்போதும் ஒரே மாதிரி: மூன்று நிமிடம் போன முறை சொன்னது என்ன ஆயிற்று, இரண்டு நிமிடம் இன்றைய ஒரே விஷயம், பதினைந்து நிமிடம் அதைத் தோண்டுவது, ஏழு நிமிடம் வழிகளைப் பார்த்து ஒன்றைப் பிடிப்பது, மூன்று நிமிடம் அதை மருத்துவர் தன் வாயால், தேதியோடு சொல்வது. இலக்கு, நிலவரம், வழிகள், முடிவு என்று கோச்சுகள் படிக்கும் நான்கு படிகள் இவைதான்.

தோண்டுவதில்தான் புதிய கோச்சுகள் வழுக்குகிறார்கள். தியேட்டரில் ஸ்டாஃப் நர்ஸிடம் கத்திவிட்டேன் என்று ஒருவர் சொல்கிறார். “ஏன் டாக்டர் அப்படிக் கத்துனீங்க?” என்று கேட்டால் காரணம் சொல்வார், இல்லையென்றால் தலைகுனிவார், இரண்டுமே வழியை அடைக்கும். “கத்துறதுக்கு முந்தின பத்து நிமிஷம் தியேட்டர்ல என்ன நடந்துச்சு டாக்டர்?” என்று கேட்டால் விஷயம் வரும்: “மயக்க டாக்டர் இன்னொரு ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து சேரல. செட்டுல ஒரு ரிட்ராக்டர் இல்ல. நான் காலையிலேர்ந்து தண்ணிகூட குடிக்கல.”

இதிலிருந்து ‘கோபத்தைக் குறைப்பேன்’ என்ற முடிவு வந்தால் கோச் ஏற்கக் கூடாது. அதை யாரும் செய்துபார்க்க முடியாது. ‘தியேட்டர் நாள் காலை 7.45க்கு இன்சார்ஜ் சிஸ்டரோடு முதல் இரண்டு கேஸின் செட்டைப் பார்ப்பேன்; இரண்டாவது கேஸ் முடிந்ததும் பத்து நிமிடம் வெளியே வந்து சாப்பிடுவேன்’ என்றால் அடுத்த மாதம் கேட்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்பில், கத்தி வைக்குமுன் எல்லாரும் நின்று பேசும் நேரம் ஒன்று உண்டே, “யாருக்காவது ஏதாவது சந்தேகமிருந்தா இப்பவே சொல்லுங்க” என்று சர்ஜனே சொல்லும் இடமாக அதை மாற்றிக்கொள்வதும் நல்ல படி. காகிதத்தில் டிக் அடிக்கும் சடங்கு ஒன்று அப்படி உயிர் பெறும்.

இந்தக் கடற்கரையில் அடிக்கடி வரும் இன்னொரு விஷயம் ரெஃபரல், அதாவது நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது. இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர், மதுரை 170. வைத்துக்கொண்டால் இங்கே போய்விடுவாரோ, அனுப்பினால் வழியில் போய்விடுவாரோ என்ற பயம் சர்ஜனை இரவில் எழுப்பும். எந்தக் கேஸை அனுப்புவது என்பதைக் கோச் தொடக் கூடாது, அது மருத்துவம். கோச் கேட்கவேண்டியவை வேறு: அந்த முடிவைத் தனியாக எடுக்கிறீர்களா? மதுரையில் இரவு 2 மணிக்கு யாரைக் கூப்பிட முடியும்? அட்டெண்டர்களிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்கிறீர்கள்? பதில்களிலிருந்து மூன்று பெயர் கொண்ட போன் பட்டியலும், சொந்த மொழியில் நான்கு வாக்கியங்களும் பிறக்கும். நான்கு வாக்கியம் சிறியதுதான், ஆனால் கேசுவால்டி வாசலில் அறுபது பேர் நிற்கும்போது அது கையில் இருப்பது பெரிய விஷயம்.

மாலை நேர நர்சிங் ஹோம் அழைப்புகளுக்கு முடியாது என்று சொல்வது மூன்றாவது. இங்கே பணம் மட்டும் காரணமாக இருக்காது. கூப்பிடுபவர் கூடப் படித்தவராக இருப்பார், அவசரத்துக்கு உதவியவராக இருப்பார். ‘எல்லாவற்றையும் நிறுத்துகிறேன்’ என்ற முடிவு ஒரு வாரம் தாங்காது. ‘செவ்வாய், வியாழன் இரவு 8க்கு மேல் போகமாட்டேன்’ என்றால் தாங்கும்.

ஓர் அமர்வு அவசர அறுவையால் தவறினால் பத்து நாளுக்குள் ஈடுகட்டுங்கள். இரண்டு தொடர்ந்து தவறினால் அந்த நபரைக் குறைசொல்லாமல் ரோஸ்டரைப் பாருங்கள். பெரும்பாலும் பதில் ஆள் காணாமல் போயிருப்பார்.

8. டேபிள் டெத் நடந்தால்

நோயாளி அறுவை மேசையிலேயே இறந்துவிட்டால் மாத அமர்வு வரை காத்திருக்காதீர்கள். ஆனால் அன்றே கோச்சையும் அனுப்பாதீர்கள். முதல் 24 மணி நேரத்தில் வேண்டியது: அடுத்த கேஸை வேறொருவர் எடுப்பது, சாப்பாடு, வீடுவரை துணைக்கு ஒருவர், உறவினரிடம் பேசும்போது பக்கத்தில் ஒரு மூத்த மருத்துவர். அடுத்த இரண்டு மூன்று நாளில், அதே பிரிவைச் சேர்ந்த, தணிக்கைக் குழுவில் இல்லாத ஒரு சக மருத்துவர் அரை மணி நேரம் கூட உட்கார்வது. கோச்சிங் ஏழு முதல் பத்து நாள் கழித்து.

வரிசைக்குக் காரணம் உண்டு. முதல் நாட்களில் மனம் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கும். ‘அடுத்து என்ன செய்யலாம்’ என்ற கேள்வி அப்போது குற்றச்சாட்டாகக் கேட்கும். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் வராமல், தியேட்டருக்குள் நுழையவே கை நடுங்கினால் கோச்சிங்கை நிறுத்தி மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மரண ஆய்வுக் கூட்டமும் இதுவும் ஒன்றையொன்று தொடக் கூடாது. கோச்சிடம் பேசியதைக் கூட்டத்தில் எவரும் குறிப்பிடக் கூடாது, கூட்டத்தின் முடிவைக் கோச்சுக்கு நிர்வாகம் அனுப்பவும் கூடாது.

9. நிர்வாகத்துக்குப் போகவேண்டியவை

மூன்றாம் மாதம் முடிந்ததும் கோச்சுகள் இருவரும், குறைந்தது நான்கு பேர் தனித்தனியே சொன்ன விஷயங்களை மட்டும், பங்கேற்றவர்களின் சம்மதத்தோடு ஒரு பக்கத்தில் எழுதித் தரட்டும். இரவுப் பணிக்கு அடுத்த நாள் ஓய்வு தாளில் மட்டும் இருப்பது, தியேட்டர் பக்கத்தில் சாப்பிட இடமில்லாதது, தாக்குதல் நடந்தால் புகார் கொடுக்க மருத்துவரே காவல் நிலையத்துக்கு அலைவது போன்றவை அதில் வரும்.

டீன் அதில் இரண்டையாவது 30 நாளுக்குள் சரிசெய்து அறிவிக்கவேண்டும் என்று தொடக்கத்திலேயே ஒப்புதல் வாங்கி வையுங்கள். இது இல்லாவிட்டால், கெட்டுப்போன ரோஸ்டரைத் தாங்கிக்கொள்ளக் கற்றுக்கொடுக்கும் திட்டம் என்று மருத்துவர்கள் முடிவு கட்டுவார்கள். அப்படி முடிவு கட்டினால் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

10. ஆறாவது அமர்வும் அதற்குப் பின்னும்

ஆறாவதில் புதிய விஷயம் எடுக்கவேண்டாம். முதல் நாள் எழுதிய இரண்டு இலக்கையும் எடுத்துவைத்து, எது நின்றது, எது நழுவியது, நழுவினால் யாரிடம் பேசுவது என்று முடியுங்கள். அதே வாரம் கோபன்ஹேகன் படிவத்தை மறுபடி நிரப்பச் சொல்லுங்கள்.

எண்ணைப் பார்த்து அவசரப்படாதீர்கள். அறுவை மருத்துவர்கள் 80 பேரிடம் நடந்த ஆறு மாத ஆய்வொன்றில், முடிவில் பணிச்சோர்வு விகிதத்தில் கோச்சிங் பெற்ற பிரிவுக்கும் பெறாத பிரிவுக்கும் இடையே புள்ளியியல் கணக்கில் தெளிவான வேறுபாடு வரவில்லை. மீள்திறன் மதிப்பெண்தான் கூடியது. 12 பேரின் சராசரி இன்னும் அதிகம் ஆடும். எனவே 12ஆம் மாதத்தில் மூன்றாவது முறையும் அளந்துவிட்டே தொடர்வதா, நிறுத்துவதா என்று பேசுங்கள்.

பாதியில் விலகியவர்களுக்குக் கோச் வழியாக ஒரே ஒரு குறுஞ்செய்தி: மிச்ச அமர்வுகள் ஆறு மாதம் அவர் பெயரில் இருக்கும், காரணம் சொல்லத் தேவையில்லை. குறியீட்டு எண்ணையும் பெயரையும் இணைக்கும் தாள் கோச்சிடம் மட்டும் இருந்து, கடைசி அளவீடு முடிந்த நாளில், சங்கக் கிளையிலிருந்து ஒருவர் முன்னிலையில் கிழித்துப் போடப்பட வேண்டும். கிழித்த தேதியை எல்லாருக்கும் தெரிவியுங்கள். அடுத்த ஆண்டு சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் அந்தத் தேதிக்காகத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.